மூன்று நிமிடத் தோடியும் விடிய விடியக் காமனும்

தமிழில் இசை விமர்சனம் என்றால் அது கச்சேரி விமர்சனம்தான். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியவை, பிற்காலத்தில் சுப்புடு எழுதி வித்துவான்களின் தூக்கத்தைக் கெடுத்தவை, இன்றும் மார்கழிதோறும் சென்னை நாளேடுகளை நிரப்பும் பத்திகள் எல்லாமே, எழுதுகிறவர் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்பவை. படிக்கிறவர் அதே மண்டபத்தில் நாலு வரிசை தள்ளி இருந்தவர். இல்லாவிட்டால் அடுத்த வாரம் போய் உட்காரக்கூடியவர். இந்த ஏற்பாட்டில் இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ இருக்கும் இசைப்பிரியருக்கு இடமில்லை. அழைப்பு வராத கலியாணத்தின் பந்திச் சிறப்பை யாரோ சொல்லக் கேட்பது போலத்தான் அவர் அதைப் படிக்க வேண்டும். அவர் காதுக்கு வந்த சாஸ்திரிய சங்கீதத்தில் பெரும்பங்கு ஏதாவதொரு பொறியின் வழியாக வந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன; மத்திய அலை இரவில் கடல் தாண்டும். அதற்கு முன்னும் பின்னும் இசைத்தட்டு, கோயில் ஒலிபெருக்கிக் குழாய், கசெட், இறுவட்டு, இன்று கைபேசி. மலைநாட்டாரின் கேள்வி ஞானம் பதிவுகளின் மேல் கட்டப்பட்டது. ஆனால் அந்தப் பதிவுகளை எப்படிக் கேட்பது என்று அவருக்குச் சொல்லும் எழுத்து தமிழில் அநேகமாக வளரவே இல்லை.

வேறிடத்தில் அது எப்படி வளர்ந்தது என்பது சுவையான கதை. இசைத்தட்டு விமர்சனத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிய 'கிராமபோன்' என்ற ஆங்கில மாத இதழை 1923 ஏப்ரலில் தொடங்கியவர் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி. அப்போது அவர் வாழ்ந்தது இலண்டனில் அல்ல, ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஒரு சின்னத் தீவில். கச்சேரி மண்டபம் எட்டாத இடத்தில் இருந்தவருக்குத் தட்டுதான் கச்சேரி. காசு கொடுத்துத் தருவிக்கும் தட்டில் எது நல்லது, எது சொத்தை என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குத் தோன்றாத தேவை தொலைவில் இருப்பவருக்குத் தோன்றுகிறது. அந்தக் கணக்கில், தமிழில் பதிவு விமர்சனம் பிறக்க மயிலாப்பூரைவிட ஹட்டனே பொருத்தமான ஊர்.

பதிவு விமர்சனம் என்றால் 'குரல் தேன், பிருகா மின்னல்' என்று எழுதுவதாக எடுத்துக்கொண்டால் அது கச்சேரி விமர்சனத்தின் நகலாகிவிடும். பதிவு என்பது செய்யப்பட்ட பொருள். தேயிலைத்தூளைக் கையில் எடுத்துப் பார்க்கும் ருசி பார்ப்பவர், இது எந்த உயரத்தில் விளைந்தது, எப்படி வாடவைத்தார்கள், எவ்வளவு நேரம் புளிக்கவிட்டார்கள் என்று கோப்பைக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் நாக்கில் தேடுகிறார். அதே மாதிரி, கேட்கும் ஒலிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடுவதுதான் பதிவு விமர்சகரின் முதல் வேலை. 78 சுற்று இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறுவது மூன்று, மூன்றரை நிமிடம். மின்சார ஒலிவாங்கி 1925க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு பெரிய கொம்புக்குள் பாடினார்; அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. கொம்புக்கு எட்டியவை நடுத்தர ஒலிகள் மட்டும். தம்புராவின் ரீங்காரம் ஏறவில்லை, மிருதங்கத்தின் தொப்பி ஏறவில்லை. அந்தக் காலத்துத் தட்டுகளைக் கேட்டு 'அன்றைக்கு மிருதங்கம் ஒதுங்கி வாசித்தது, பாட்டுக்கே முதலிடம்' என்று அழகியல் முடிவுக்கு வருகிறவர் உண்டு. ஒதுங்கியது மிருதங்கக்காரர் என்பதைவிடக் கொம்பு அவரை ஒதுக்கியது என்பதுதான் நியாயம்.

வேகம் இன்னும் பெரிய சங்கதி. '78' என்பது பெயரளவில் உள்ள எண். தொடக்கக் காலத் தட்டுகள் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை பல வேகங்களில் பதியப்பட்டன. 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓடவிட்டால் ஒலி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கு அருகே நிற்பார். காலப்பிரமாணமும் அதே அளவு துரிதப்படும். சாவகாசமாக உருண்ட கமகம் வெடுக்கென்று கேட்கும். பாடினவருக்கு இல்லாத பதற்றம் அவர் தலையில் ஏறும். இணையத்தில் உலவும் பழைய தட்டுகளில் எத்தனை இந்த வேகக் கணக்கைப் பார்த்து மாற்றப்பட்டவை? ஏற்றுகிறவர் சொல்வதில்லை, கேட்கிறவர் கேட்பதில்லை. இதை நுணுக்கக்காரரின் குடைச்சல் என்று தள்ளிவிட முடியாது. இலங்கையில் கர்நாடக சங்கீதம் பாடசாலைப் பாடம். 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு எத்தனையோ பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர் சொல்லும் 'பழையவர்கள் பாட்டைக் கேள்' என்ற புத்திமதியை மலைநாட்டு மாணவி கைபேசியில்தான் நிறைவேற்றுகிறாள். அவள் கேட்பது வித்துவானின் ஓட்டமா, தட்டைச் சுழற்றிய மோட்டாரின் ஓட்டமா என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இதனால் பழைய தட்டுகள் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரு தட்டை அதன் அளவுக்குள் வைத்துக் கேட்டால் அதன் பெருமை கூடத்தான் செய்யும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு தமிழ்க் காதுகளில் விழுந்து இத்தனை காலமாகியும் தேயவில்லை. கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர் என்று பேரெடுத்தவர், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிடத்துக்குள் அதைச் சொல்ல நேர்ந்தது. அதை 'பெரிய ஆலாபனையின் துண்டு' என்று கேட்பது பிழை. துண்டில் இப்படியொரு தொடக்கமும் ஏற்றமும் இறக்கமும் இருக்காது. எந்தச் சஞ்சாரத்தை விடுவது, எந்த இடத்தில் நிற்பது, பக்கம் மாற்றும்போது கேட்கிறவர் மனதில் எந்த சுரம் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு வாசித்த தனி வடிவம் அது. வெண்பாவுக்கு நாலடி போல அதற்குப் பக்கத்துக்கு மூன்று நிமிடம். அகவலைப் போல நீளவில்லையே என்று வெண்பாவைக் குறைசொல்வார் யார்? ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் தட்டுகளையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். தட்டில் ஒலிக்கும் ஜி.என்.பி. ஒருவர், பிற்காலக் கச்சேரி ஒலிநாடாக்களில் ராகத்தை அலசிக்கொண்டு போகும் ஜி.என்.பி. இன்னொருவர். இருவரையும் ஒரே தராசில் போட்டு ஒருவரைக் குறைத்துப் பேசுவது இசைரசிகர் மன்றங்களின் பொழுதுபோக்கு, அவ்வளவே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வீணை தனம்மாள் போன்றவர்களை விமர்சிக்க நாம் யார், கிடைத்ததே பாக்கியம், கும்பிட்டுக் கேட்க வேண்டியதுதான் என்பார்கள். தனம்மாள் பிறந்தது 1867இல். அவர் வாசிப்பு இசைத்தட்டில் ஏறியது 1930களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்காக, மூச்சு விடும் சத்தம்கூட இடைஞ்சல் என்ற அமைதியில் வாசித்த கை அது. கடையில் விற்கும் தட்டுக்காக அந்தச் சன்னமான நாதத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்தார்கள். கும்பிட்டுக் கேட்கிறவர் காதில் விழுவது தட்டின் இரைச்சலுக்கு அடியில் ஒரு மங்கலான வீணை. அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எந்தத் தட்டு பிரதி தேயாதது, எந்த மாற்றுப்பதிவில் மீட்டின் நுனி பிழைத்திருக்கிறது என்று விசாரித்துக் கேட்கிறவருக்குத்தான் அந்த அம்மாளின் விரல் கிடைக்கும். பக்திக்கு விசாரணை பகை என்பது ஆலய நிர்வாகிகளின் கருத்தாக இருக்கலாம். இசைக்கு அது பொருந்தாது.

ஒலிநாடா வந்ததும் மூன்று நிமிடச் சிறை உடைந்தது, வேறு கத்திரி வந்தது. நாடா விலை அதிகம். கச்சேரியைப் பதிந்த ரசிகர்கள் பலர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பொறியை நிறுத்தினார்கள், பாட்டு திரும்பியதும் மறுபடி இயக்கினார்கள். பாடகரின் இரண்டரை மணி நேரம் மிஞ்சியது. தாளவாத்தியக்காரரின் இருபது நிமிடம் போயிற்று. மதுரை மணி ஐயர் இன்று நம்மிடம் வாழ்வது பெரும்பாலும் இப்படிப் பதிந்த கச்சேரி நாடாக்களால்தான், அதற்காக அந்த ரசிகர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அதே நாடாக்களைக் கொண்டு ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தாள வரலாற்றை எழுதினால் அது ஓட்டையான வரலாறாக இருக்கும். எது பதியப்படவில்லை என்று கேட்காத விமர்சனம், கத்திரி பிடித்தவரின் ரசனையைக் காலத்தின் ரசனையாக எழுதிவைத்துவிடும். அளவெட்டியின் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் மறைந்தார். தவில் திறந்த வெளிக்கும் தேரோடும் வீதிக்கும் பிறந்த வாத்தியம். சின்ன ஒலிவாங்கியின் முன் அதன் அடி வெடித்துக் கரகரக்கும். அவர் தனியைக் கேட்கும்போது எந்தக் கரகரப்பு தோலுடையது, எது பொறி திணறியது என்று பிரித்துக் கேட்கப் பழகவேண்டியிருக்கிறது. பழகிவிட்டால், கணக்குகளின் கட்டுமானம் கரகரப்பைத் தாண்டி வந்து நிற்கும்.

புதிய பதிவுகளிலும் துப்பறிய வேண்டியது உண்டு. அங்கே குறை இரைச்சல் இல்லாததுதான். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஒலிவாங்கியில் ஏறி, பிசகிய இடம் வெட்டி ஒட்டப்பட்டு, சுருதி சீர்செய்யப்பட்டு வரும்போது, வயலின்காரர் பாடகரின் மூச்சைப் பார்த்து ஓர் அணுவளவு தாமதித்து இறங்கும் அந்த இடைவெளி மறைந்துபோகிறது. பழைய பதிவுகளை 'சுத்தம்' செய்து வெளியிடுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். இரைச்சலும் ஜாலராவின் கிணுகிணுப்பும் வில்லின் உரசலும் ஒலியின் மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரைச்சலைக் கண்மூடித்தனமாகத் துரத்தினால் மற்ற இரண்டும் கூடவே கிளம்பிவிடும். தண்ணீருக்கடியில் பாடுவது போன்ற மழமழப்பு மிஞ்சும். கேட்க இதமாக இருக்கிறதே என்று வாங்குகிறவர் சொல்லலாம். தூளில் சாயம் கலந்தாலும் தேநீர் கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது சென்னையும் தஞ்சையும் அளவெட்டியும். தோட்டத்துக்கென்று இருக்கும் இசைக்கு இந்த விசாரணையைக் கொண்டுவருவதற்காகத்தான் இத்தனை சுற்றும். மலையகத்தில் 'லயம்' என்ற சொல்லுக்கு முதலில் வரும் பொருள் வரிசையாகக் கட்டிய பத்தடிக் காம்பரா; சங்கீதக்காரரின் லயம் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த லயத்தில் இந்த லயம் குறைவில்லாமல் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் வரிசைக்கு, ஆளெழுப்பியது தப்பு என்ற பறை. சாவுக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி, கலியாணத்துக்கு ஓரடி என்று தப்பின் அடியைக் கேட்டே மலைக்கு அந்தப்புறம் உள்ள டிவிசனில் என்ன நடக்கிறதென்று அறிந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையில் தப்பின் ஓசை கேட்டபடி இருக்கிறது. தமிழில் அவர் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இல்லாவிட்டால் கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் பாடிய எத்தனையோ பாட்டுகள் நமக்குச் சொல்லளவில்கூடக் கிடைத்திருக்காது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். அவற்றையும் அச்சில் படிக்கிறோம். அச்சு பெரிய உதவி. ஆனால் தாலாட்டின் இழுப்பு அச்சில் ஏறாது. ஒப்பாரியில் சொல் முடிந்து விம்மல் தொடங்கும் இடம் ஏறாது. மெட்டின் பெயரைத் தலைப்பில் போட்டாலும், மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர் முன் அந்த மெட்டு எந்தச் சுருதியில், எந்த நடையில் எழும்பியது என்பதைக் காகிதம் சொல்லாது. 2023இல் தம் முன்னோர் மலைக்கு வந்ததை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்த சமூகத்துக்கு அந்த இருநூறு ஆண்டுகளின் இசை, பெரும்பங்கு ஓசையற்ற எழுத்தாகத்தான் கையிருப்பில் இருக்கிறது.

ஓசையோடு கையிருப்பில் இருப்பவற்றுள் முதலிடம் காமன் கூத்துக்கு. மாசி வளர்பிறையில் காமன் கம்பத்தை நட்டு, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வரை இரவு இரவாக நடக்கும் இந்தக் கூத்தில் ரதி மன்மதன் பிறப்பும் திருமணமும், சிவன் தவமும், மன்மதன் தூது போவதும், தகனமும், ரதியின் புலம்பலும், மீட்சியும் பாட்டாகவும் ஆட்டமாகவும் தப்படியாகவும் வரிசைப்பட்டு வருகின்றன. இதைச் சாஸ்திரிய இசைப் பதிவுகளோடு சேர்த்துப் பேசலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோடியும் தப்பும் ஒன்றா? ஒன்றல்ல, ஒன்றென்று சொல்லவும் தேவையில்லை. ஆனால் சாஸ்திரம் என்றால் என்ன? எதற்குப் பின் எது வரவேண்டும் என்ற கட்டளை, இந்தப் பாத்திரத்தின் வரவுக்கு இந்த அடி என்ற விதி, வாத்தியாரிடம் உட்கார்ந்து பாடம் கேட்காமல் காலெடுத்து வைக்கக்கூடாது என்ற ஒழுங்கு, பிழைத்தால் தெய்வக் குற்றம் என்ற அச்சம். இவை எல்லாம் காமன் பொட்டலில் இருக்கின்றன. சபா மேடையிலோ கடைசியாகச் சொன்னது மட்டும் இல்லை. 'நாட்டார்' என்ற பெயரைச் சூட்டியதும் வேகம், சுருதி, முழுமை, பாடியவர் பெயர் எதையும் விசாரிக்க வேண்டாம் என்ற சலுகையும் கூடவே வந்துவிடுகிறது. அந்தச் சலுகையைத்தான் நான் எதிர்க்கிறேன். பெரிய வித்துவானின் நாடா என்றால் தேதி என்ன, பக்கவாத்தியம் யார் என்று சண்டை போடுகிறோம். கூத்துப் பதிவென்றால் 'எங்கள் பாரம்பரியம்' என்ற இரண்டு சொல்லோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

இன்று கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் கைபேசித் துணுக்குகள். பேச்சைத் தெளிவாகப் பிடிப்பதற்காக உருவானது கைபேசியின் ஒலிவாங்கி. பெரிய சத்தம் வந்தால் தானே அளவைக் குறைக்கும், அமைதி வந்தால் தானே கூட்டும். தப்பில் தடித்த குட்டைக் குச்சியின் அடி விழுந்ததும் கருவி ஒலியை அமுக்குகிறது. அடுத்து நீண்ட ஒல்லிக் குச்சி தோலைச் சீண்டும் மெல்லிய எதிரடிகள் அந்த அமுக்கலில் மாட்டிக்கொள்கின்றன, பிறகு வரும் இடைவெளியில் கூட்டத்தின் பேச்சு பூதாகாரமாக எழும்புகிறது. தப்பின் பேச்சே இந்த இரண்டு குச்சிகளுக்கும் இடையிலான உரையாடல்தான். பதிவிலோ ஒரு குச்சியின் முணுமுணுப்பு மிஞ்சுகிறது. இதைக் கேட்டு 'தப்பு என்றால் வெறும் முரட்டுச் சத்தம்' என்கிறவர், கொம்புத் தட்டைக் கேட்டு மிருதங்கம் ஒதுங்கியது என்றவரின் ஒன்றுவிட்ட தம்பி. இன்னொன்று மலைக்கே உரியது. பனி இறங்க இறங்கத் தோல் தொய்கிறது, ஓசை தாழ்கிறது. ஓரத்தில் மூட்டிய நெருப்பில் தப்பைக் காய்ச்சுகிறார்கள், ஓசை ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. முன்னிரவுத் தப்பும் பின்னிரவுத் தப்பும் ஒரே சுருதியில் இருக்க வழியில்லை. பாடுகிறவர் அதோடு எப்படி ஒத்துப்போகிறார், குரல் களைத்த மூன்றாம் சாமத்தில் எந்தப் பாட்டை எடுக்கிறார் என்பதெல்லாம் இந்தக் கலையின் உள் விவரங்கள். தொடர்ச்சியாக விடிய விடியப் பதிந்தால் தெரியும். ஒன்றரை நிமிடத் துணுக்கில் தெரியாது.

துணுக்கும் ஒரு வடிவம்தானே, மூன்று நிமிடத் தோடியைப் புகழ்ந்துவிட்டு இதை ஏன் இகழ்கிறாய் என்று கேட்டால் அது நல்ல கேள்வி. வித்தியாசம் இதுதான்: ராஜரத்தினம் பிள்ளை மூன்று நிமிடத்தைத் தெரிந்துகொண்டு அதற்காக வாசித்தார். கூத்து வாத்தியார் ஒன்றரை நிமிடத்துக்காகப் பாடவில்லை. முழு இரவுக்காகப் பாடியதிலிருந்து வேறொருவர் வெட்டினார். ஒரு கூத்துக்குழு நாளை ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போய், ரதி மன்மதன் தர்க்கத்தைத் தாமே பன்னிரண்டு நிமிடமாகக் கட்டி வெளியிட்டால், அதை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் கணக்கில் நிறுத்துப் பார்க்கலாம். வெட்டு யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

பதிவு செய்தால் உயிருள்ள கூத்து உறைந்துவிடாதா என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. ஒரு தோட்டத்துப் பாடம் பதிவாகி, அதுவே 'அசல்' என்று எல்லாத் தோட்டமும் பின்பற்றத் தொடங்கினால் வேறுபாடுகள் அழியும் என்பது உண்மை. தோடித் தட்டைக் கேட்டு நகலெடுத்த நாகஸ்வரக்காரர்கள் எத்தனை பேர்! இதற்கு மருந்து பதியாமல் விடுவது அல்ல. நிறையப் பதிவதும், ஒப்பிட்டு எழுதுவதும்தான். பஸ்ஸரை தோட்டமொன்றின் வரவுப் பாட்டுக்கும் பொகவந்தலாவையினதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெயர் சொல்லி எழுதும் விமர்சனம் இருந்தால், ஒன்று மற்றொன்றை விழுங்காது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் 1906 முதல் ஊர் ஊராகப் போய் குடியானவர்களின் பாட்டை மெழுகு உருளைகளில் பதிந்தார். 1934க்குப் பிறகு, ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, அதே உருளைகளை மறுபடி போட்டு, தாம் முன்பு எழுதிய சுரக் குறிப்புகளைத் திருத்தினார். தேர்ந்த காது, நேரில் கேட்ட காது. அதற்கே முதல் தடவை நழுவிய நெளிவுகள் எத்தனையோ இருந்தன. உருளையில் இருந்த பாட்டு மாறவில்லை, கேட்டவர் மாறியிருந்தார். உறைந்த பதிவைக் கேட்டுக் கேட்டு உருகியது அவர் காது.

மலையகத்துக்கு இந்த ஒப்பீடு இன்னொரு விதத்திலும் அவசரமானது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கப்பலேறிய குடும்பங்களோடு வாத்தியார்களும் பாட்டுக்காரர்களும் போனார்கள். ஒரு தோட்டத்தில் ரதி வேடக்காரர் தங்க, மன்மதன் வேடக்காரர் அக்கரையில் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார் என்றால் அந்தத் தோட்டத்துக் கூத்து எந்தக் கரையில் இருக்கிறது? நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களின் குடியிருப்புகளில் முதியவர்கள் நினைவில் வைத்திருக்கும் அடியையும், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன பாட்டையும், ஹட்டன் பக்கத்துப் பாட்டோடு வைத்துக் கேட்காமல் முழுமை என்று எதையும் சொல்ல முடியாது. அரசுகள் போட்ட கோட்டை இசைப் பதிவாளரும் மதித்து நின்றுவிடக்கூடாது.

நாட்சம்பளத்துக்கே போராடும் மக்களிடம் சுருதியும் வேகமும் பேசுவது வயிறு நிறைந்தவர் வேலை என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. கோபம் புரிகிறது. ஆனால் காமன் கூத்தை யார் காசில் நடத்துகிறார்கள் என்று ஒருமுறை பார்க்கட்டும். தோட்டத்தவர் தம் சம்பளத்திலிருந்து வரி போட்டு, பகலில் மலையேறி, இரவில் ஆடி, மறுநாளும் மலையேறியதுதான் இதன் வரலாறு. செலவழித்தவர்களே தரம் கேட்கிறார்கள்: அடி பிசகினால் கூட்டத்திலிருந்து கிழவர் ஒருவர் சத்தம் போடுவார், பாட்டு மாறினால் கிழவி ஒருத்தி திருத்துவாள். விமர்சனம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தில் ஏறவில்லை என்பதுதான் குறை. பதிவு விமர்சகர் செய்ய வேண்டியது வெளியிலிருந்து தராசு கொண்டுபோவதைவிட, அந்தக் கிழவரின் சத்தத்துக்குக் காரணம் கேட்டு எழுதுவது.

காலமும் பொறுக்காது. மலையின் ஈரம் ஒலிநாடாவுக்கு எமன். கசெட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் படரும், சுருள் ஒன்றோடொன்று ஒட்டும், ஓட்டினால் பூச்சு உதிரும். எண்பதுகளில் கசெட் பொறியில் பதிந்த கூத்தோ பஜனையோ ஒப்பாரியோ அலுமாரியில் இருந்தால் ஒவ்வொரு மழைக்காலமும் அதில் கொஞ்சம் தின்கிறது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து, மலையக அச்சு நூல்களை எண்ணிம வடிவில் காத்ததோடு, தன் ஆவணகத்தில் ஒலியையும் படத்தையும் சேர்த்துவருகிறது. சேர்ப்பது பாதி வேலை. சேர்ந்த ஒலியைக் கேட்டு, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடத்து மாசி, வாத்தியார் யார், தப்பு எத்தனை, எந்தப் பொறி, எங்கே வெட்டு, எந்தப் பாட்டு விடுபட்டது, இதே பாட்டின் வேறு பதிவு எங்கே என்று எழுதுவது மறுபாதி. ராஜரத்தினம் பிள்ளையின் தட்டுக்கு ரசிகர்கள் இந்த விவரங்களையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தார்கள். கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளுக்கு மைக்கேல் கின்னியர் தட்டு எண் வாரியாகப் பட்டியலே போட்டு 1994இல் புத்தகமாக்கினார். காமன் கூத்துக்கு அப்படியொரு பட்டியலின் முதல் பக்கத்தை எழுத ஹட்டனிலோ கொட்டகலையிலோ ஓர் ஆசிரியரும் நாலு மாணவரும் போதும்.

தஞ்சைப் பக்கத்துக் காமன் பண்டிகை லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு உண்டு. மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும், எரியவில்லை என்று மறு கட்சி பாடும். உடல் போய், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக இருக்கிறான் அனங்கன் என்பது புராணத்தின் சமரசம். இணையத்தில் கிடைக்கும் காமன் கூத்துத் துணுக்குகளில் அதிகம் காண்பது தகனம்தான்: தீ, புகை, கூச்சல், உச்சத்தில் தப்பு. தீ அடங்கியதும் கைபேசிகள் கீழே இறங்குகின்றன. ரதி ஒப்பாரி பாடத் தொடங்குவது அதற்குப் பிறகு.